ஒரே பல்புக்கு இரண்டு ஓம்

60 வாட் குண்டு பல்பு ஒன்றையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு அக்கா மகன் வந்தான். தாளில் இரண்டு எண்கள் இருந்தன. கணக்குப் போட்டால் பல்பின் மின்தடை 882 ஓம். மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பல்பின் அடியில் வைத்தால் 65 ஓம். நடுவில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. "இதில் எது பொய், மாமா?" என்றான்.

அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் காலத்தைக் கழித்தவன் நான். மீட்டரையும் கணக்கையும் ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடித்துப்போகும். இரண்டும் உண்மை என்று சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவன் போட்ட கணக்கில் பிழையில்லை. பல்பின் தலையில் 230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. திறன் (வாட்) என்பது மின்னழுத்தத்தையும் (வோல்ட்) மின்னோட்டத்தையும் (ஆம்பியர்) பெருக்கினால் வருவது. ஆகவே ஓட்டம் வேண்டுமென்றால் 60ஐ 230ஆல் வகுக்க வேண்டும்: 0.261 ஆம்பியர். மின்தடை என்பது அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் வருவது. 230ஐ 0.261ஆல் வகுத்தால் 881. தசமத்தைச் சுருக்காமல் போட்டால் 882. இவ்வளவுதான் இந்தப் பாடத்தின் கணக்குப் பகுதி. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். இதற்காகப் பிள்ளைகளிடம் ஒரு முக்கோணத்தை வரைந்து கொடுத்து, மேலே அழுத்தம், கீழே ஓட்டமும் தடையும், வேண்டியதை விரலால் மறைத்தால் விடை தெரியும் என்று பழக்குகிறார்கள். எனக்கு அந்த முக்கோணத்தின் மேல் தீராத கோபம் உண்டு. மூன்று மூலைகளும் ஒரே தகுதி உடையவை என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. அழுத்தத்தை மீட்டர் வைத்து அளக்கலாம், ஓட்டத்தையும் அப்படியே. தடை அப்படிப்பட்டதல்ல. அது அந்த இரண்டு எண்களின் விகிதம், அளந்த நேரத்தில் அந்தப் பொருள் இருந்த நிலையில் கிடைத்த விகிதம். நிலை மாறினால் விகிதமும் மாறும்.

மல்ட்டிமீட்டரில் ஓம் பக்கம் திருப்பினால் நேரடியாக எண் வருகிறதே என்பார்கள். அதுவும் இதே வேலையைத்தான் உள்ளே செய்கிறது. தன்னுடைய சிறிய பேட்டரியிலிருந்து, பெரும்பாலும் ஒரு மில்லிஆம்பியர் அல்லது அதற்கும் குறைவான ஓட்டத்தைப் பொருளுக்குள் செலுத்தி, இரு முனைகளுக்கிடையே எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று பார்க்கிறது. அந்தச் சிற்றோட்டத்தில் பல்பின் டங்ஸ்டன் இழை சற்றும் சூடாவதில்லை. அறை வெப்பநிலையில் கிடக்கும் இழையின் தடை 65 ஓம். எரியும்போது அதே இழை 2,500 டிகிரி செல்சியஸுக்கு அருகில் இருக்கிறது. அப்போது அதன் தடை பத்து மடங்குக்கும் மேல். மீட்டர் சொன்னது தூங்கும் பல்பின் தடை. கணக்கு சொன்னது வேலை செய்யும் பல்பின் தடை.

அவன் தலையை ஆட்டினான். நம்பவில்லை என்று தெரிந்தது. நம்ப வைப்பதற்கு 230 வோல்ட்டைத் தொட வேண்டியதில்லை. என் மேசையில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு மின்வழங்கி இருக்கிறது. கார் திரும்பும் திசையைக் காட்டும் விளக்குக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து அதில் இணைத்தோம். ஆம்பியர் அளக்கும் மீட்டர் பல்போடு தொடராக, ஒரே பாதையில். வோல்ட் அளக்கும் மீட்டர் பல்பின் இரு முனைகளுக்குக் குறுக்கே, பக்க இணைப்பில். ஒரு வோல்ட் கொடுத்தபோது 0.45 ஆம்பியர் ஓடியது. இழை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மங்கிச் சிவந்தது. 3 வோல்ட்டில் 0.8. 6 வோல்ட்டில் 1.2. 12 வோல்ட்டில் 1.75. அழுத்தத்தைப் பன்னிரண்டு மடங்கு கூட்டியிருக்கிறோம். ஓட்டம் நான்கு மடங்குகூட ஏறவில்லை. வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 2.2 ஓம், 3.75 ஓம், 5 ஓம், 6.9 ஓம். மின்வழங்கியை அணைத்துவிட்டு, இழை ஆறியபின் ஓம் மீட்டரை வைத்தால் அரை ஓமைச் சற்றே தாண்டிய ஓர் எண்.

இந்த எண்களை வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு வராது, வளைகோடு வரும். "அப்படியென்றால் ஓம் விதி தப்பா?" என்று அடுத்த கேள்வி. தப்பில்லை. ஓட்டம் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும் என்பது விதி. அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வெப்பநிலை மாறாமல் இருந்தால் என்பது அந்த நிபந்தனை. பாடநூலில் அது அடைப்புக்குறிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அதைக் கண்டுபிடித்தவருக்கு அது அடைப்புக்குறிச் செய்தியாக இருக்கவில்லை.

ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1825இல் அவர் கையிலிருந்தவை வோல்ட்டாவின் வழியில் வந்த மின்கலங்கள். அவற்றிலிருந்து ஓட்டம் எடுக்க எடுக்க அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தது. கம்பியை மாற்றினால் ஓட்டம் மாறியது கம்பியாலா, கலம் களைத்துப்போனதாலா என்று பிரிக்க முடியவில்லை. போக்கென்டார்ஃப் என்ற இன்னோர் இயற்பியலாளர் சொன்ன யோசனையின்படி மின்கலத்தை விட்டுவிட்டு, வெப்பநிலை வித்தியாசத்திலிருந்து மின்னழுத்தம் தரும் வெப்பமின் இரட்டைக்கு மாறினார். பிஸ்மத்தும் தாமிரமும் சேரும் இரண்டு சந்திகள். ஒன்று கொதிக்கும் நீரில், மற்றது பனிக்கட்டியில். இரண்டு முனைகளின் வெப்பநிலையும் நகராது. ஆகவே கிடைக்கும் சிறிய அழுத்தமும் நகராது. அதன்பிறகு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து, தொங்கும் காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். 1826இல் சரியான உறவு கிடைத்தது. 1827இல் நூலாக வந்தது. உடனே யாரும் கொண்டாடவில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1841இல்தான் வந்தது. 1881இல் பாரிஸ் மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளை ஏற்றுக்கொண்டபோது அவர் உயிரோடு இல்லை.

அவருக்கு முன்பே ஆங்கில விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் உப்புக் கரைசல்களின் கடத்துதிறனை ஒப்பிட்டிருக்கிறார். மீட்டர் இல்லாத காலம். தன் உடம்பையே சுற்றில் சேர்த்துக்கொண்டு, அதிர்ச்சி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று உணர்ந்து குறித்துக்கொண்டார்! வெளியிடவில்லை. நூறாண்டு கழித்து, 1879இல், இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைத் தொகுத்து அச்சேற்றினார். இந்தக் கதையைச் சொன்னவுடன் அக்கா மகனின் கண்கள் மின்வழங்கியின் பக்கம் போயின. கதையோடு நிறுத்திக்கொள்ளும்படி சொன்னேன்.

கார் பல்புக்குத் திரும்புகிறேன், அதில் இன்னும் ஒரு பாடம் மிச்சமிருக்கிறது. குளிர்ந்த இழையின் தடை 0.6 ஓம் என்றால், சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில் ஓடக்கூடிய ஓட்டம் 12ஐ 0.6ஆல் வகுத்தது: 20 ஆம்பியர். பல்பின் சாதாரண ஓட்டம் 1.75. இழை சூடாகித் தடை ஏறுவதற்கு ஆகும் நொடியின் சிறு பகுதியில் இந்த வெள்ளம் பாய்ந்து முடிந்துவிடும். குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது சாவதைவிட, சுவிட்சைத் தட்டும் நேரத்தில் 'டக்' என்று சாவது அதிகம் ஏன் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்து திறன். வாட் என்ற அலகின் பெயரை 1882இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். ஆனால் ஓட்டம் பாயும் கம்பியில் எழும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தோடும் தடையோடும் பெருகுகிறது என்பதை இயற்பியலாளர் ஜூல் 1840களின் தொடக்கத்திலேயே அளந்து சொல்லிவிட்டார். திறன் = ஓட்டத்தின் வர்க்கம் × தடை. இதே திறனை, அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தும் எழுதலாம். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் புத்திசாலி மாணவன் திகைக்க வேண்டும். முதல் வாய்பாட்டில் தடை கூடினால் திறன் கூடுகிறது. இரண்டாவதில் தடை கூடினால் திறன் குறைகிறது. திகைக்காதவர்கள் வாய்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டவர்கள்.

விடை, எது மாறாமல் நிற்கிறது என்பதில் இருக்கிறது. சுவரிலுள்ள சாக்கெட்டில் அழுத்தம் ஏறக்குறைய நிலையாக இருக்கும். அங்கே தடை குறைந்த பொருளே அதிக வாட் எடுக்கும். 1500 வாட் ஹீட்டரின் தடை 35 ஓம். 60 வாட் பல்பின் தடை 882. தொடராக ஒரே ஓட்டம் ஓடும் பாதையில் கதை தலைகீழ்: தடை அதிகமான இடமே அதிகமாகச் சூடாகும். 40 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடராக இணைத்து 230 வோல்ட்டில் போட்டால் எது பளிச்சென்று எரியும்? 100 வாட் என்று சொல்பவர்களே அதிகம். பொறித்திருக்கும் எண்களிலிருந்து 40 வாட் பல்பின் தடை 1,322 ஓம். 100 வாட் பல்புக்கு 529. ஓட்டம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே 40 வாட் பல்பு ஏறக்குறைய 164 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மற்றதற்கு 66 மிஞ்சும். உண்மையில் பிரிவினை இதைவிட மோசமாக இருக்கும். 100 வாட் பல்பின் இழை சூடேறாமல் கிடப்பதால் அதன் தடை 529ஐ எட்டவே எட்டாது. அழுத்தம் இன்னும் அதிகமாக 40 வாட் பல்பின் பக்கம் சாயும். சின்னது எரியும், பெரியது சோம்பிச் சிவந்திருக்கும்.

ஹீட்டரின் நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகக் கலவை) கம்பி டங்ஸ்டனைப்போல் குணம் மாறுவதில்லை. சிவக்கச் சூடானாலும் அதன் தடை சில விழுக்காடுதான் ஏறும். அதனால் ஹீட்டருக்கு ஓம் மீட்டரின் எண்ணை ஓரளவு நம்பலாம். 1500 வாட் ஹீட்டர் 35.3 ஓம். சாக்கெட்டில் 230க்குப் பதில் 210 வோல்ட் இருந்தால்? 210இன் வர்க்கம் 44,100, அதை 35.3ஆல் வகுத்தால் 1,250 வாட். அழுத்தம் ஒன்பது விழுக்காடுகூடக் குறையவில்லை. திறன் பதினேழு விழுக்காடு போய்விட்டது. வர்க்கத்தின் வேலை. பத்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த 230 வோல்ட்டில் 14 நிமிடம் ஆகும் என்றால், 210 வோல்ட்டில் 17 நிமிடம் ஆகும். ஹீட்டர் பழுதாகிவிட்டது என்று தூக்கிப்போடுவதற்கு முன் சாக்கெட்டில் எத்தனை வோல்ட் என்று பார்ப்பது நல்லது.

சிறிய மின்தடையங்களில் வாட் கணக்கைப் போடாமல் விடுபவர்களே அதிகம். 12 வோல்ட்டில் ஒரு எல்இடி எரிய வேண்டும். எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், 20 மில்லிஆம்பியர் ஓடினால் போதும். மீதி 10 வோல்ட்டை 0.02ஆல் வகுத்தால் 500 ஓம். கடையில் 470 கிடைக்கும், பரவாயில்லை. இதுவரை எல்லோரும் சரியாகப் போடுகிறார்கள். அந்தத் தடையத்தில் எரியும் திறன் 0.2 வாட்டுக்கு மேல். கால் வாட் தடையம் தாங்கும், ஆனால் தொட்டால் சுடும். அரை வாட் போடுங்கள். 10 ஓம், கால் வாட் தடையம் ஒன்றை 5 வோல்ட்டுக்குக் குறுக்கே இணைத்தால் 2.5 வாட், புகை வருவதைப் பார்க்கக் காத்திருக்கவே வேண்டாம். மில்லிஆம்பியரை ஆம்பியராக மாற்ற ஆயிரத்தால் வகுக்க மறந்தவர்களின் விடைத்தாளில் எல்இடிக்கு அரை ஓம் தடையமும் 200 வாட் வெப்பமும் வருவதைப் பார்த்திருக்கிறேன். விடை வந்ததும் அது கையில் பிடிக்கக்கூடிய பொருளுக்கு ஏற்றதா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

எல்இடியைப் பற்றி ஒரு வார்த்தை. 2 வோல்ட், 20 மில்லிஆம்பியர் என்றால் அதன் தடை 100 ஓம் என்று எழுதலாமா? வகுத்தால் 100தான் வருகிறது. ஆனால் ஒரு வோல்ட் கொடுத்தால் 10 மில்லிஆம்பியர் ஓடுமா என்று பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்றும் ஓடாது. அந்த 100, அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் உரியது. திறன் கணக்குக்கு அதனால் எந்த இடையூறும் இல்லை. 2 × 0.02 = 0.04 வாட் என்பது எந்தப் பொருளுக்கும் எந்தக் கணத்துக்கும் பொருந்தும். அழுத்தமும் ஓட்டமும் பெருகித் திறன் ஆவது இயற்கை. விகிதம் நிலையாக நிற்பது சில பொருட்களின் நல்ல குணம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மீட்டரால் பார்க்க முடியாத தடைகள்.

வீட்டில் ஒரு சாக்கெட். ஹீட்டரைப் போட்டுச் சிறிது நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், ஹீட்டர் போட்டால் பிளக் சூடாகத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகி வைக்கும் சிறிய திறன்மானி ஒன்று என்னிடம் உண்டு. வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் காட்டும். அதைச் செருகினேன். ஹீட்டர் அணைந்திருக்கும்போது 231 வோல்ட். ஹீட்டரைப் போட்டதும் 224, ஓட்டம் 6.4 ஆம்பியர். 7 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. 7ஐ 6.4ஆல் வகுத்தால் 1.1 ஓம். மீட்டர்ப் பெட்டியிலிருந்து, அதற்கும் பின்னால் தெருக் கம்பியிலிருந்து, இந்தச் சாக்கெட் வரைக்கும் வரும் மொத்தப் பாதையின் தடை அது. 7 × 6.4 என்றால் 45 வாட் வழியிலேயே எரிகிறது. நீண்ட கம்பிகள் முழுவதும் பரவி எரிந்தால் கவலையில்லை, கம்பி அதைச் சட்டை செய்யாது. ஓரிடத்தில் குவிந்து எரிந்தால்தான் ஆபத்து.

அது எப்படித் தெரியும்? அதே கம்பியில் பிறந்த பக்கத்துச் சாக்கெட்டில் அதே ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். 231இலிருந்து 228.5. விழுந்தது 2.5 வோல்ட் மட்டும், 0.4 ஓம். ஆக, முதல் சாக்கெட்டுக்கு மட்டும் சொந்தமான தடை 0.7 ஓம். 6.4இன் வர்க்கம் 41, அதை 0.7ஆல் பெருக்கினால் 29 வாட். சாலிடரிங் அயர்னின் திறன் அது, ஒரு திருகின் முனையில்! மெயின் சுவிட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சரிபார்த்துவிட்டுத் திறந்தால் ஒரு திருகு தளர்ந்திருந்தது. கம்பியின் உறை பழுப்பாகிச் சுருண்டிருந்தது. சாக்கெட்டை மாற்றி, கருகிய நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக இறுக்கியபின் 228.5 வந்தது.

இதே 0.7 ஓமை மல்ட்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் தேடினால் கிடைக்குமா? சந்தேகம்தான். மீட்டரின் இரண்டு வயர்களே 0.2, 0.3 ஓம் என்று காட்டும். அதைவிட முக்கியம், தளர்ந்த இணைப்பு குளிர்ந்த நிலையில் ஒரு மில்லிஆம்பியருக்கு ஒருவிதமாகவும், சூடேறி 6 ஆம்பியர் ஓடும்போது வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். நமக்கு வேண்டியது இரண்டாவது. மின்சாரம் உள்ள சுற்றில் ஓம் பக்கத்தை வைக்கவே கூடாது என்பது தனி. மீட்டர் போகும், சில சமயம் பிடித்திருக்கும் கையும் போகும். ஆம்பியர் துளையில் வயர் செருகியபடியே சாக்கெட்டில் வைப்பவர்களுக்கும் அதே கதி. அந்தத் துளைக்குள் கிட்டத்தட்ட தடையே இல்லை, நேரடிக் குறுக்குச்சுற்று.

மிகச் சிறிய தடையை அளக்க நான்கு வயர் முறை என்று ஒன்று இருக்கிறது, ஆய்வகத்தில் தினமும் செய்தது. இரண்டு வயர் வழியாகத் தெரிந்த ஓட்டத்தைச் செலுத்த வேண்டும். வேறு இரண்டு வயர்களைப் பொருளின் மேலேயே வைத்து அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். வோல்ட் அளக்கும் வயர்களில் ஓட்டம் ஏறக்குறைய இல்லாததால் அவற்றின் தடை கணக்கில் நுழையாது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.017 ஓம். இரண்டு ஆம்பியர் விட்டால் 34 மில்லிவோல்ட். சாதாரண மீட்டரே அழகாகக் காட்டும்.

மீட்டரை எங்கே இணைக்கிறோம் என்பதும் விடையை மாற்றும். பல்பின் சோதனையில் வோல்ட் மீட்டரை, ஆம்பியர் மீட்டருக்கு முன்னால் வைத்திருந்தால், ஆம்பியர் மீட்டரும் அதன் வயர்களும் தின்ற அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டியிருக்கும். அது 0.05 ஓம் என்று வைத்தால் எரியும் பல்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பிழை. குளிர்ந்த பல்பில் எட்டு விழுக்காடு. பெரிய தடைகளுக்கு நேர்மாறு. வோல்ட் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் என்றால், ஒரு மெகாஓம் தடையத்துக்குக் குறுக்கே வைத்ததும் இரண்டும் சேர்ந்து 0.91 மெகாஓம் ஆகிவிடும். சிறிய தடைக்கு வோல்ட் மீட்டர் பொருளை ஒட்டி இருக்கட்டும். பெரிய தடைக்கு ஆம்பியர் மீட்டர் ஒட்டி இருக்கட்டும்.

வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம் என்பதால் அங்கே இன்னொரு பள்ளம் உண்டு. பழைய இரும்புச் சோக் வைத்த 36 வாட் குழல் விளக்கில் ஓட்டம் 0.43 ஆம்பியர். 230ஆல் பெருக்கினால் 99. விளக்கு 99 வாட் தின்கிறது என்று பதறியவர்கள் உண்டு. திறன்மானியை வைத்தால் 47 காட்டுகிறது. மீதி எங்கேயும் எரிவதில்லை. சோக் தன் காந்தப்புலத்தில் ஆற்றலை வாங்கி, ஒவ்வொரு சுழற்சியிலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஓட்டம் அழுத்தத்துக்குப் பின்தங்கி வருவதால் பெருக்கல் பாதியாகிறது. அந்த 99க்கு அலகு வோல்ட்ஆம்பியர். 47க்கு அலகு வாட். இரண்டின் விகிதம் திறன் காரணி. 230ஐ 0.43ஆல் வகுத்தால் வரும் 535 ஓமும் தடை மட்டும் அல்ல, தடையோடு சோக்கின் எதிர்ப்பும் சேர்ந்த இம்பீடன்ஸ். ஹீட்டர், குண்டு பல்பு, இஸ்திரிப்பெட்டி, இவற்றுக்கு மட்டும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வாட் என்று நிம்மதியாக எழுதலாம்.

மடிக்கணினியின் சார்ஜர் இன்னும் விசித்திரம். உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுக்குத் தேவை 60 வாட் என்றால் தன் வரம்புக்குள் எந்த அழுத்தத்திலிருந்தும் அந்த 60ஐ எடுத்தே தீரும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாகாது, இரட்டிக்கும். ஓம் விதியை மட்டும் படித்தவருக்கு இது அபசாரமாகத் தோன்றும். அந்த ஓட்டமும் சீரான அலையாக வராது, கூர்கூராக வரும். சாதாரண மல்ட்டிமீட்டர் அதைத் தவறாகப் படிக்கும், அலையின் வடிவம் எதுவானாலும் சரியாக அளக்கும் 'உண்மை ஆர்எம்எஸ்' (true RMS) மீட்டர் வேண்டும். சார்ஜரின் தடை என்ன என்று அக்கா மகன் கேட்டான். அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை என்றேன். இதை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டான்.

கடைசியாக பேட்டரி. பேட்டரியின் உள்தடையை ஓம் பக்கத்தில் வைத்து அளக்க முடியாது. தனக்கென்று அழுத்தம் உள்ள பொருள் அது. ஓட்டம் இல்லாதபோது எவ்வளவு வோல்ட், ஓட்டம் எடுக்கும்போது எவ்வளவு வோல்ட், இரண்டின் வித்தியாசத்தை ஓட்டத்தால் வகுக்க வேண்டும். சாக்கெட்டில் செய்த அதே கணக்கு. என் காரில் அவனை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லிவிட்டு, கேபிளைச் சுற்றிக் கவ்வி ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை, நேர்திசை மின்சாரத்தையும் அளக்கக்கூடியதை, கனத்த கேபிளில் மாட்டினேன். மலிவான கிளாம்புகள் மாறுதிசையை மட்டுமே அறியும், வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். சும்மா இருந்தபோது 12.6 வோல்ட். சுழலும்போது 10.2 வோல்ட், 150 ஆம்பியர். 2.4ஐ 150ஆல் வகுத்தால் 0.016 ஓம். ஸ்டார்ட்டர் பக்கம் போனது 10.2 × 150, அதாவது 1,530 வாட். பேட்டரி தன் வயிற்றுக்குள்ளேயே எரித்தது 360 வாட். சில நொடி வேலை என்பதால் தாங்குகிறது. வேதிவினையின் மந்தமும் அந்த 2.4 வோல்ட்டில் கலந்திருக்கிறது, அதனால் சுத்தமான ஓம் என்று சொல்ல மாட்டேன். ஒரே காரில் ஒரே முறையில் எடுத்து ஒப்பிட அது போதும். சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பட்டறைகளில் வழங்கும் கணக்கு. என் காருக்கு அதை ஓமில் எழுதினால் 0.02. பானெட்டின் உட்புறத்தில் தேதி போட்டு 0.016 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த அளவை அவனே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.